ஒட்டுப்பாலில் கட்டிய ரேடியோ

மைக்கை வாங்கத் தெரிந்து திருப்பிக் கொடுக்கத் தெரியாத ஓர் ஆள் எல்லா ஊரிலும் இருப்பார். தெஹியோவிட்டைக்கு மேலே இருக்கும் எங்கள் றப்பர் தோட்டத்தில் அந்த ஆள் நான். கோயில் திருவிழாவா, கல்யாணமா, தோட்டத்தை நடத்தும் தொரைக்குப் பிரியாவிடையா, எதுவானாலும் அறிவிப்பு நானே. (யாரும் கூப்பிட்டதாக ஞாபகம் இல்லை. மைக் இருக்கிற இடத்தில் நான் இருப்பேன், அவ்வளவுதான்.) மற்ற நேரத்தில் றப்பர் பால் நிறுக்கிற ஸ்டோரில் கணக்கு எழுதும் கிளாக்கர் வேலை.

இது நடந்து நாலு வருஷம் இருக்கும். அதற்கு முந்திய மழையில் ஆற்றுத் தண்ணீர், தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் கீழ் லயத்தின் ஜன்னல் வரை ஏறியிருந்தது. கரண்ட் போனது, பின்னாலேயே போன் டவரும் போனது. மேட்டில் இருந்த எங்களுக்குக் கீழே யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்றே தெரியவில்லை. தண்ணீர் வடிந்து இறங்கிப் பார்த்தபோது எல்லோரும் கூரைமேல் உயிரோடு இருந்தார்கள். அது அந்த மாரியம்மன் புண்ணியம். அடுத்த மழைக்கும் அவளையே தொந்தரவு செய்ய முடியாது அல்லவா?

அப்போதுதான் யாரோ ஒரு நல்ல மனிதர் கடலில் ஓட்டிய பைபர் படகு ஒன்றும், படகுக்காரர்கள் வைத்திருக்கும் கடல் ரேடியோ இரண்டும் எங்களுக்குத் தருவதாகப் பேச்சு வந்தது. நிபந்தனை ஒன்றுதான். ஆற்றில் இறங்கி, ரேடியோவில் ஒழுங்காகப் பேசிக் காட்ட வேண்டும். தவறினால் படகு வேறு தோட்டத்துக்குப் போய்விடும். ரேடியோ பொறுப்பு யாருக்கு என்று கூட்டத்தில் கேட்டார்கள். கேட்டு முடிப்பதற்குள் நான் எழுந்து நின்றுவிட்டேன்.

சொல்லிக் கொடுக்க அவிசாவளையிலிருந்து பஸ் ஏறி நதீஷா என்ற பெண் வந்தாள். என்னைவிடப் பத்து வயதாவது இளையவள். பையிலிருந்து ரேடியோவை எடுத்தாள், ஒரு வாளித் தண்ணீரில் போட்டாள். பிடிக்கப் பாய்ந்தேன். அதுவோ மிதந்தது! மிதந்துகொண்டே பேசியது! மலைக்கு அந்தப் பக்கம் நின்று இன்னொரு ரேடியோவில் பேசிய எங்கள் தோட்டத்து சுனிலின் குரல் வாளிக்குள்ளிருந்து வந்தது. வயர் இல்லை, டவர் இல்லை. நான் கையெடுத்துக் கும்பிடாத குறைதான்.

"மாத்தயா, பேசணும்னா இந்த பட்டன அமத்துங்க. கேக்கணும்னா விடுங்க," என்றாள் நதீஷா, சிங்களம் கலந்த தமிழில். "அமத்திக்கிட்டே இருந்தா உங்களுக்கு ஒன்னும் கேக்காது. மத்தவங்களுக்கும் பேச ஏலாது. யாரக் கூப்பிடுறது, நீங்க யாரு, எங்க இருக்கீங்க, என்ன நடந்துச்சு, எத்தன பேரு. அப்புறம், பேசி முடிச்சாச்சுன்னு சொல்ல ஓவர். ஹரி தானே?"

"ஹரி, ஹரி" என்று அவள் மொழியிலேயே சரி சொன்னேன். மைக்கோடு வளர்ந்தவனுக்கு மைக் பாடம் எடுக்கிறாளே என்று உள்ளுக்குள் சிரிப்பு வேறு.

எனக்கு இருந்த கவலை ஒன்றே ஒன்று. அந்த பட்டன் கடினமாக இருந்தது. உரையின் நடுவே விரல் வழுக்கினால் பேச்சு அறுந்துவிடுமே? பேசிக் காட்ட வேண்டிய நாளன்று காலை, ஆற்றுக்குப் போகும் வழியில் ஒரு மரத்தின் வெட்டில் காய்ந்து கிடந்த ஒட்டுப்பாலை நீளமாக உரித்துக்கொண்டேன். றப்பர் தோட்டத்தில் பிறந்தவனுக்கு அது இருந்தால் போதும், உலகத்தில் கட்ட முடியாதது எதுவும் இல்லை. படகில் ஏறியதும் பட்டனை அமத்தி, அதன்மேல் நாலு சுற்றுச் சுற்றி இறுக்கிக் கட்டினேன்.

படகில் மூன்று பேர். துடுப்புப் போட சுனில். கூடவே, நதீஷாவின் பாடத்தை ஓரமாக நின்று கேட்டிருந்த தனலட்சுமி அக்கா. அவர் பால் வெட்டிவிட்டு நேராக வந்திருந்தார், வெட்டுக் கத்தி இடுப்பில் இருந்தது. நிறுவைக்கு வந்தால் ஒரு நாளைக்கு மூன்று வார்த்தை பேசினால் அதிகம். கரையில் நதீஷா இன்னொரு ரேடியோவோடு நின்றாள். அவளைச் சுற்றிப் பாதித் தோட்டம். என் மனைவியும் மகளும் முன்வரிசையில்.

மழைத் தண்ணீர் நிறைந்து ஆறு செம்மண் நிறத்தில் இரைந்து போனது. ஓட்டத்தோடு கொஞ்ச தூரம் இறங்கி, வளைவிலிருந்து நிலைமையைச் சொல்லிவிட்டுத் திரும்ப வேண்டும். அவ்வளவுதான் பரீட்சை. நான் ரேடியோவை வாய்க்கு நேரே பிடித்தேன். முதலில் ஊதினேன். பிறகு தொடங்கினேன்.

"ஹலோ, ஹலோ. மதிப்பிற்குரிய பெரிய தொரை அவர்களே, சின்ன தொரை அவர்களே, கோயில் தலைவர் அவர்களே, உப தலைவர் அவர்களே, மாதர் சங்கத் தலைவி அவர்களே..."

ஒருவர் பெயரை விட்டால் ஒரு வருஷத்துக்குப் பகை. ஆகவே நான் யாரையும் விடவில்லை. உப செயலாளரை எட்டியபோது கரையில் ஒரே ஆரவாரம். துண்டை வீசுகிறார்கள், குதிக்கிறார்கள். ஆற்று இரைச்சலில் என்ன கத்துகிறார்கள் என்று கேட்கவில்லை. என் வாழ்நாளில் எனக்கு அப்படி ஒரு வரவேற்பு கிடைத்ததே இல்லை. கண் கலங்கிவிட்டது. இடது கையை உயர்த்தி ஆட்டி, "உங்கள் அன்புக்கு நன்றி" என்றேன்.

"ஐயா, ஒங்க வீட்டம்மா கை தட்டல," என்றார் தனலட்சுமி அக்கா. "தலையில அடிச்சிக்கிறாங்க."

சொல்லிக்கொண்டே ரேடியோவை என் கையிலிருந்து பிடுங்கி, கத்தியால் ஒரு இழுப்பு. ஒட்டுப்பால் அறுந்தது. அந்தக் கணமே நதீஷாவின் குரல் உள்ளேயிருந்து கொட்டியது.

"படகு, படகு, படகு. இது கரை. பின்னால பெரிய மரம் வருது. இடது பக்கம், மூங்கில் பக்கம் போங்க. ஓவர்."

எத்தனை முறை சொன்னாளோ! ஒருமுறை கூட நான் கேட்கவில்லை. ஆனாலும் அந்தக் குரலில் கோபமும் இல்லை, பதற்றமும் இல்லை. முதல் முறை சொல்வது போலவே சொன்னாள். நாங்கள் திரும்பிப் பார்த்தோம். வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்த ஒரு மரம் எங்களை நோக்கியே வந்துகொண்டிருந்தது.

"சுனில், மூங்கிலுக்கு!" என்றார் அக்கா. பிறகு பட்டனை அமத்தினார். "கரை, கரை, கரை. இது படகு. மரத்தப் பாத்துட்டோம். மூங்கில் பக்கம் போறோம். மூணு பேரும் நல்லா இருக்கோம். ஓவர்." விரலை எடுத்துவிட்டார்.

நாங்கள் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு கிடந்தபோது மரம் பக்கத்தில் கடந்து போனது. அதன் வேர் எங்கள் படகைவிடப் பெரிது. அதில் ஒரு கொக்கு ஏதோ பஸ்ஸில் போவது போல நின்றுகொண்டிருந்தது. ஆற்றைப் பார்த்தா, அந்தக் குரலைக் கேட்டா, பக்கத்தில் கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்த அக்காவைப் பார்த்தா, எதைப் பார்த்து வாயடைத்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

கரையேறியதும் நதீஷா தீர்ப்புச் சொன்னாள். "படகு இங்கேயே இருக்கட்டும். ரேடியோ அக்காகிட்ட." போகும்போது அறுந்த ஒட்டுப்பாலை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டாள். "மத்த ஊரு கிளாஸ்ல காட்டணும் மாத்தயா." (ஆக, சப்ரகமுவ மாகாணம் முழுவதும் என் புகழ் பரவியிருக்கிறது.)

அந்த வருஷமே மழை பெரிதாக வந்தது. அக்காவும் சுனிலும் படகில் போனார்கள். கரை ரேடியோ மேட்டு ஸ்டோரில், என் மடியில். எனக்கு இட்ட வேலை கேட்பது மட்டும். பட்டன் பக்கமே விரலைக் கொண்டுபோகாமல் உட்கார்ந்திருந்தேன். மழைக்கு நடுவே அவர் குரல் வந்தது.

"கரை, கரை, கரை. இது படகு. கீழ் லயம், கடைசி வீடு. அஞ்சு பேரு, ஒரு கைப்புள்ள. ஏத்திட்டோம். ஓவர்."

அதைப் போல ஓர் உரையை நான் எந்த மேடையிலும் கேட்டதில்லை. பட்டனை ஒரே ஒருமுறை அமத்தி, "சரி அக்கா. ஓவர்" என்று சொல்லிவிட்டு ஸ்டோரில் தனியாக உட்கார்ந்து அழுதேன்.

இப்போது திருவிழாவில் நான் இரண்டாவது பெயரைச் சொல்லும்போதே கூட்டத்திலிருந்து யாராவது "ஓவர்!" என்று கத்துவார்கள். வீட்டிலும் அதே கதைதான். நேற்றுச் சோறு சாப்பிடும்போது நான் ஏதோ விளக்கிக்கொண்டிருக்க, மகள் கத்தியால் அறுப்பது போல விரலை இழுத்து, "அப்பா, ஓவர்" என்றாள். நிறுத்தினேன். அவள் ஆரம்பித்தாள். பள்ளிக்கூடம், டீச்சர், பஸ், சிநேகிதி, சிநேகிதியின் அக்கா என்று, குழம்பு ஆறி ஆடை படியும் வரை பேசினாள். நானும் அவள் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே காத்திருந்தோம். ஓவர் வரவே இல்லை.