இம்யூனிட்டி பாட்டிலும் ஜெயசீலியின் சாவியும்

இந்த மழைக்காலத்தில் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். இனி என் இருமலுக்கு நானே முதலாளி.

சிரிக்காதீர்கள். இருபத்திரண்டு வருஷக் குடும்ப வாழ்க்கையில் எனக்கென்று மிஞ்சியிருந்த ஒரே சொத்து அந்த இருமல்தான். மற்றதெல்லாம் என் மனைவி ஜெயசீலியிடம். ரேஷன் கார்டு அவளிடம். ரிமோட் அவளிடம். மருந்து வைக்கும் பிஸ்கட் டப்பாவுக்குக்கூடப் பூட்டு போட்டு, சாவியைக் கழுத்துச் செயினில் கோத்திருக்கிறாள்.

பூட்டு வந்ததற்குக் காரணம் நான்தான். எனக்கு பிபி உண்டு, சுகரும் உண்டு. இன்றைக்கு மறந்த கோலியை, அதாவது மாத்திரையை, நாளைக்குச் சேர்த்துப் போடுகிற பழக்கமும் உண்டு. அதை அவள் பார்த்துவிட்டாள்.

மும்பை குர்லாவில் பை தைக்கிற பட்டறையில் நான் கட்டிங் மாஸ்டர். ஒரு வெள்ளிக்கிழமை மழையில் நனைந்து வந்தேன். சளி பிடித்தது. தாராவியில் எங்கள் வீடு பத்துக்குப் பத்து. நான் இங்கே இருமினால் பக்கத்து வீட்டு சுனிதா அங்கே "ஸ்தோத்திரம்" என்பாள். திங்கட்கிழமை, கூட வேலை பார்க்கிற ராஹில் ஒரு பழுப்பு பாட்டிலைக் கையில் திணித்தான்.

"அண்ணே, இம்யூனிட்டி சிரப். மூணு நாள்ல சளி காலி. ஏக்தம் கேரண்டி, நூத்துக்கு நூறு."

லேபிளில் ஒருவன் நெஞ்சை நிமிர்த்தி நின்றான். அவன் காலடியில் எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்து. எறும்பையெல்லாம் யார் படிப்பது? வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

"என்னது இது?"

"இம்யூனிட்டி."

"டாக்டரம்மாட்டக் கேட்டியளா?"

"இது ஒடம்புக்கு நல்லது, ஏட்டி. நல்லது குடிக்கவும் சீட்டு எழுதி வாங்கணுமா?"

"நல்லதுதான். ஒங்க பிபி கோலியோட ஒத்துப்போவணும்னு அதுக்குத் தெரியுமா?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "வெள்ளிக்கெழம நம்ம வீட்ல ஜெபக்கூட்டம். அதுக்குள்ள இந்த மருந்துல இருமல் போச்சுன்னா டப்பா சாவி எனக்கு. போகலன்னா நீ சொல்லுத டாக்டர், நீ குடுக்க கஞ்சி. ஆயுசுக்கும் வாயத் தொறக்க மாட்டேன்."

அவள் பாட்டிலை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "சரி. ஆனா பிபி கோலியும் சுகர் கோலியும் நிறுத்தக் கூடாது. காய்ச்சல் அடிச்சாலோ, மூச்சு வாங்குனாலோ அந்த நிமிஷமே டாக்டர். ஸ்பூன் என் கையில."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவள் இவ்வளவு சுலபமாக எதற்கும் ஒத்துக்கொண்டதே இல்லை. அப்போதே நான் பயந்திருக்க வேண்டும். பயப்படாமல், ஜெயித்தவன் மாதிரி இருமினேன். "மீன் வாங்கிட்டு வாரேன்" என்று பையை எடுத்துக்கொண்டு போனவள் ஒரு மணி நேரம் கழித்துத்தான் வந்தாள்.

"மீன் நல்லால்ல. பாவக்கா வாங்கியாந்தேன்."

பாகற்காய்! எனக்கு இந்த உலகத்தில் கொள்கை என்று ஒன்று உண்டென்றால், அது பாகற்காயைத் தொடுவதில்லை என்பதுதான். கல்யாணமான மறுநாள் தட்டில் விழுந்ததைத் தள்ளி வைத்தேன். இன்றுவரை தள்ளியே வைத்திருக்கிறேன். மற்ற எல்லாப் போரிலும் தோற்ற மனுஷனுக்கு அந்த ஒரு கோட்டையாவது வேண்டாமா? ஆச்சரியம், அன்று ராத்திரி தட்டில் பாகற்காய் வரவில்லை. பயந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை முதல் ஸ்பூன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"கசக்குதோ?"

"மருந்துன்னா கசக்கத்தான் செய்யும். கசந்தாத்தான் வேலை செய்யும்."

"அது சரி" என்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. பாவம், சாவி போகப்போகிற துக்கம் என்று நினைத்தேன். அவள் தண்ணீர் பிடிக்கப் போகிற நேரமாகப் பார்த்து, பாட்டிலோடு இரண்டு மடக்கு கூடுதலாகவும் குடித்தேன். கூடக் குடித்தால் கூடுதல் இம்யூனிட்டி என்பது என் கணக்கு.

புதன்கிழமை இருமல் குறைந்தது. வியாழக்கிழமை பாதி. வெள்ளிக்கிழமை காலையில் தேடிப் பார்த்தும் இருமல் இல்லை. ஜெயசீலி செயினிலிருந்து சாவியைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தாள். அதைச் சட்டைப் பையில் போட்டு மூன்று தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

சாயங்காலம் ஜெபக்கூட்டம். பன்னிரண்டு பேர் முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். பாட்டு முடிந்தது, வசனம் முடிந்தது. "யாராவது சாட்சி சொல்லுதியளா?" என்று கேட்டார் எங்கள் சபை உபதேசியார். வியாதி சுகமானவர்கள் எழுந்து அதைச் சொல்வது எங்கள் வழக்கம். நான் ஒரு நாளும் எழுந்தவன் இல்லை. அன்று எழுந்தேன். பாட்டிலை உயரத் தூக்கிப் பிடித்தேன்.

"ஜோசப்ராஜ் தம்பியா!" என்றார் உபதேசியார்.

"ஆமா ஐயா. இந்த மருந்து தொண்டையில எறங்கும்போதே ஒரு பலம் எறங்குனத நான் உணர்ந்தேன். இந்தக் கசப்புதான் என்னைக் காப்பாத்துச்சு. என் வீட்ல உள்ளவங்களே நம்பல. இன்னைக்கு நான் சுகமா நிக்கேன்!"

"ஆமென்" என்றது கூட்டம். எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னது ஜெயசீலி.

சுனிதா உடனே டம்ளரை நீட்டினாள். "அண்ணே, எங்க மாமனாருக்குக் கொஞ்சம் ஊத்துங்க. நெஞ்சுக்குக் கோலி போடுதாவ, இருமலும் விட மாட்டேங்கு. நாளைக்கு நாங்களும் ஒரு பாட்டில் வாங்கிருதோம்."

நான் தாராளமாக மூடியைத் திறந்தேன்.

"சுனிதா, வாங்கிராத" என்றாள் ஜெயசீலி. "நானும் பேசாம இருந்திரலாம்னுதான் பாத்தேன். அதுல இருக்கது அந்த மருந்தே இல்ல."

"பின்னே?" இது நான்.

"அதத் திங்கக்கெழமயே ஸ்ரீலேகா டாக்டரம்மாட்டக் கொண்டு காட்டுனேன். அந்தப் பொடி எழுத்தப் படிச்சாவ. பாதி சீனிப் பாகு, மீதில அதிமதுரம். சுகரும் ஏறும், பிபியும் ஏறும், இவியளுக்கு ஆகவே ஆகாதுன்னாவ. சாதாரணச் சளி, ஒரு வாரத்துல தானா போயிரும், வெந்நி குடுத்தாப் போதும், கூடுனா கூட்டிட்டு வான்னாவ. சுனிதா, ஒங்க மாமாவயும் நாளைக்கு அங்க கூட்டிட்டுப் போ."

"அந்தப் பாட்டிலத் தூரப் போட்டிருக்கலாம்லா?" என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"போட்டா மறுநாள் வேற வாங்கிட்டு வருவிய."

"அப்ப நான் குடிச்சது?"

"பாட்டிலக் கழுவி, பாவக்கா வேகவச்ச தண்ணி ஊத்துனேன். அதையும் டாக்டரம்மாட்டக் கேட்டுட்டுத்தான். தெனமும் புதுசு. நீங்க எனக்குத் தெரியாமக் குடிக்கதுக்கும் சேத்தே வேகவச்சேன்."

உபதேசியார் கண்ணை மூடி ஜெபிக்க ஆரம்பித்தார். அவர் தோளும் குலுங்கியது. நான் சாவியை எடுத்து ஜெயசீலியின் கையில் வைத்துவிட்டு மூலையில் உட்கார்ந்தேன். தரை பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது. தாராவியில் அதற்கும் இடம் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தேன். தட்டில் பாகற்காய்ப் பொரியல். பழக்க தோஷத்தில் தள்ளி வைக்கக் கை நீண்டது.

"பன்னெண்டு பேருக்கு முன்னால சாட்சி சொல்லிருக்கிய" என்றாள் ஜெயசீலி.

நீட்டிய கையாலேயே பிசைந்து சாப்பிட்டேன்.