என் துருவை எனக்கே விட்டுவிடுங்கள், மாப்பிள்ளை

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு மாமனார் எழுதுவது. நானும் உங்கள் அத்தையும் சுகம். மருந்துக் கடையில் நாளெல்லாம் நிற்கும் உங்கள் கால்களும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். மரியாதை இத்தோடு முடிந்தது. இனி சண்டை.

நீங்கள் அனுப்பும் மாத்திரையை நான் தொடமாட்டேன். போன முறை வந்தபோது என்ன சொன்னீர்கள்? "மாமா, நாம இழுக்கிற ஆக்ஸிஜன்ல கொஞ்சம் முரடா மாறி செல்லை அரிக்கும். இரும்பு துருப்பிடிக்கிற மாதிரி. இந்த மாத்திரை அதைத் தடுக்கும்." எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, அன்றிலிருந்து ரயில் பாலத்துக்குத் துருத் தடுப்பு பெயிண்ட் அடிப்பவனிடம் துரு என்று சொல்லலாமா? பெயிண்டர் புத்தி ஒரே ஒரு கோட் பூச்சோடு நிற்குமா? காலையில் பிரைமர், மதியம் ஒரு கோட், ராத்திரி ஃபினிஷிங் என்று மூன்று வேளையும் விழுங்கினேன். அந்த நேரம் பார்த்து எங்கள் சூப்பர்வைசர், "பெரியவரே, பாதி ஏணியிலயே நின்னு ஊரை வேடிக்கை பார்க்குறீங்க. அடுத்த மாசம் ஒரே மூச்சுல உச்சிக்கு ஏறிக் காட்டுங்க, இல்லேன்னா கேட்ல உக்காந்துக்குங்க" என்றுவிட்டான். போகிற வருகிற லாரிக்குச் சல்யூட் அடிக்கவா நான் பிறந்தேன்? வீட்டு மாடிப்படியில் தினமும் ஏறி இறங்கினேன். கீழ்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "பீரோவை இறக்குறாங்களோன்னு பார்த்தேன், நீங்கதானா!" என்றார். எவ்வளவு ஏறியும் மூச்சு பழைய இடத்திலேயே நின்று மல்லுக்கட்டியது.

கடைசியில் செல் ஆராய்ச்சி செய்கிற என் மகளுக்கு, அதாவது உங்கள் மனைவிக்கே போன் போட்டேன். உங்கள் கூரைக்குக் கீழேயே எனக்கு ஆள் இருக்கிறது, மறக்க வேண்டாம். "மூணா? அப்பா, உடம்பு என்ன பாலமா, கோட் மேல கோட் அடிக்க? தசை கஷ்டப்படும்போது அந்த முரட்டு ஆக்ஸிஜன் கொஞ்சம் வரத்தான் செய்யும். 'வேலை கூடுது, பலத்தைக் கூட்டு'ன்னு செல்லுக்கு அதுதான் சேதி. கிருமி வந்தா வெள்ளையணு அதை வெச்சுத்தான் அடிக்குது. அளவு மீறினாத்தான் ஆபத்து. அதை அடக்கவும் செல்லுக்குள்ளயே ஏற்பாடு இருக்கு. நீங்க மாத்திரையா கொட்டினா சேதி போய்ச் சேராமலே போயிடலாம்பா."

பார்த்தீர்களா, என் உடம்பு எனக்கே எழுதிய கடிதத்தை நடுவழியில் கிழித்தது நீங்கள்! அன்றே டப்பாவை உங்கள் அத்தையிடம் வீசி, "இனி இது என் கண்ணில் படக்கூடாது" என்று கர்ஜித்தேன். ஆச்சரியம், அவள் சரியென்று வாங்கி உள்ளே வைத்துவிட்டாள். என் வீரத்தை மெச்சித் தினமும் சாயங்காலம் ஒரு டம்ளர் பழச்சாறு வேறு கொடுத்தாள். கொஞ்சம் புளிப்புதான், பாராட்டில் குறை சொல்வேனா?

நேற்றுப் பரீட்சை. நடுவில் நிற்காமல் உச்சிக்கு ஏறிவிட்டேன். கீழேயிருந்து சூப்பர்வைசர், "பார்த்தாச்சு பெரியவரே, எறங்குங்க!" என்று கத்தினான். இறங்குவேனா? பிரஷ்ஷோடு உட்கார்ந்து பொழுது சாயும்வரை அடித்தேன். ஆகவே மாத்திரையே இல்லாமல் ஜெயித்தவன் சொல்கிறேன், இனி ஒரு டப்பா வந்தாலும் திரும்பி உங்கள் கடைக்கே வரும்.

நீங்களும் மகளும் நீண்ட ஆயுளோடு, என்னைத் திருத்தும் ஆசை இல்லாமல், நன்றாக இருக்க ஆசீர்வதிக்கும்,
மாமனார்.

பின்குறிப்பு: கவரை ஒட்டுமுன் உங்கள் அத்தை இதை வாங்கிப் படித்தாள். சிரித்தாள். உள்ளே போய் உங்கள் டப்பாவைக் கொண்டுவந்து என் முன்னால் கவிழ்த்தாள். காலி. "பழம் அவ்வளவா புளிக்கும்? தினமும் பொடி பண்ணிக் கலந்தேன். மாப்பிள்ளை அனுப்பினதை வீணாக்கவா?" "மூணுமா?" என்றேன். "ஒண்ணுதான். நான் என்ன பெயிண்டரா?"

என்னை மேலே ஏற்றியது மாடிப்படியா, மூன்று மாத்திரை ஒன்றானதா என்று மகளிடம் போனில் கேட்டேன். "உங்க ஒருத்தரை மட்டும் வெச்சு எப்படிப்பா சொல்றது?" என்கிறாள். எது எப்படியோ, மாத்திரையைத் தொடமாட்டேன் என்பதில் மாற்றமில்லை. பழச்சாறு மட்டும் குடிப்பேன். அடுத்த டப்பாவை அத்தை பெயருக்கு அனுப்புங்கள்.