அறிவித்தலும் ஓர் எருமையும்

வெண்பாவில் தளை தட்டினால் எனக்குத் தலை வலிக்கும். அப்படிப்பட்ட நான், முப்பத்தைந்து வயதில், தொப்பியைப் பின்பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு, ஓடும் ஆட்டோவின் பின் இருக்கையிலிருந்து “ஓய்! ஓய்!” என்று கத்தியிருக்கிறேன். ராப் பாடுபவனுக்குப் பின்னால் அப்படி ஒருவன் கத்த வேண்டுமாம். அரசாங்கக் கந்தோரில் என் கையெழுத்துக்காகப் பயபக்தியோடு காத்து நின்ற பலர் அதைப் பார்த்தார்கள். அதன் பிறகு யாரும் என் மேசை முன்னால் பயபக்தியோடு நிற்கவில்லை.

பாடியவன் பெயர் அறிவித்தல். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும், அவனே மறந்திருப்பான். மட்டக்களப்பில், கல்லடிப் பாலத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அவனளவுக்குச் சனங்களின் காதில் விழுந்த பாடகன் வேறொருவன் பிறந்ததில்லை. அவன் பாட்டைக் கேட்ட ஒருவரும்கூடப் பிறந்ததில்லை.

காரணம், அவன் தொழில். ஆட்டோவின் தலையில் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு மரண அறிவித்தல் சொல்லிப் போகிறவன் அவன். அவன் குரல் தெருமுனையில் கேட்டாலே சனங்கள் அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள். தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து “ஒரு பிளேன்டீ” என்று அவன் சொன்னால், பக்கத்து மேசைக்காரர் எழுந்து நின்று, “ஆரு தம்பி மோசம் போன?” என்று கேட்பார்.

சுனாமியாகக் கடல் ஊருக்குள் வந்து போன பிறகு அவன் வேறோர் அறிவித்தல் சொன்னான். முகாம் முகாமாகப் போய், யார் யார் உயிரோடு எந்த இடத்தில் இருக்கிறார்கள் என்று சொன்னான். பெயர்கள் ஏராளம், பட்டரி கொஞ்சம். பட்டரி இறங்குமுன் எல்லாப் பெயரையும் சொல்லிவிட வேண்டும் என்று மூச்சுவிடாமல் அடுக்கியதில்தான் அவன் நாக்குக்கு அந்த வேகம் வந்தது. மீன் விற்கிற புஸ்பம் அக்கா ஒரு முகாமில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பாதியிலேயே பலர் நம்பிக்கையிழந்து போய்விட, அவர் மட்டும் நகரவில்லை. அவருடைய மகனின் பெயர் கடைசிப் பெயராக வந்தது.

சில மாதங்கள் கழித்து, கட்டாரிலிருந்து வந்த அவன் உறவுக்காரர் ஒருவர் எங்களுக்கு ராப் சீடி ஒன்றைப் போட்டுக் காட்டினார். அறிவித்தல் வாயைப் பிளந்து என் பக்கம் திரும்பினான்.

“இதத்தானே அண்ண நான் முகாமில செஞ்ச! இவனுக்கும் பட்டரி இறங்கிற்றோ?”

அன்றே கலைஞனாகிவிட்டான். கம்பனி கிடையாது, முதலாளி கிடையாது, யாரிடமும் வாய்ப்புக் கேட்பதும் கிடையாது. ‘இண்டிபெண்டன்ட்’ என்று ஆட்டோவின் பின்னால் எழுதச் சொன்னான். பெயின்டர் பெரிய எழுத்தாகத் தொடங்கி, இடம் போதாமல் ‘இண்டிபெண்’ணோடு நிறுத்திவிட்டார். எந்த ஊர்ப் பெண் என்று ஆறு மாதம் சனங்கள் விசாரித்தார்கள்.

“ஒரு ஆள் அண்ண, ஒரேயொரு ஆள், என்ட பாட்டக் கடைசி வரைக்கும் இருந்து கேக்கணும். மறுகா நான் செத்தாலும் பரவாயில்ல.”

“நீ செத்தா ஆருடா அறிவிக்கிற?” என்றேன். அந்தச் சிக்கலை அவன் யோசித்திருக்கவில்லை.

முதல் பாட்டின் முதல் வரி, “வந்திட்டன்! வந்திட்டன்! ஓடு! ஓடு!” எதிரிகளை ஓடச் சொல்கிறானாம். ‘ஓடு’ இரண்டு தரம் வந்தால்தான் ஓசை நிறையும் என்று திருத்திக் கொடுத்த புலவன் நான். கல்லடியில் ஒரு காலைப்பொழுதில் பாட்டை வெளியிட்டோம். ஸ்பீக்கர் பழசு, ‘ட்டன்’னை ‘ட்டு’ ஆக்கிவிட்டது. தெருவில் விழுந்தது இதுதான்:

“வந்திட்டு! வந்திட்டு! ஓடு! ஓடு!”

கல்லடி ஓடியது. ஆட்டைத் தூக்கியவர்கள் ஆட்டோடு, சவரம் பாதியில் நின்றவர் பாதி மீசையோடு, புஸ்பம் அக்கா கொதிக்கிற மீன் குழம்போடு, எல்லோரும் பாலத்தை நோக்கி ஓடினார்கள். “நில்லுங்க, இது பாட்டு!” என்று சொல்ல அறிவித்தல் ஆட்டோவில் துரத்தினான். அவன் துரத்தத் துரத்த அவர்கள் வேகம் கூடியது. நானும் குதித்து ஓடினேன். வரியைத் திருத்தியவனே நான்தான் என்பது பாலத்தின் நடுவில்தான் ஞாபகம் வந்தது.

பாலம் முடிகிற இடத்தில் புஸ்பம் அக்கா அவனைப் பிடித்தார். குழம்பு ஒரு சொட்டுச் சிந்தியிருக்கவில்லை.

“எங்கடா கடல்?”

“கடல் இல்லக்கா. நான்தான் வந்த.”

“நீ வந்ததுக்கு நாங்க ஏன்டா ஓடணும்?”

விமர்சகர் எவரும் இதைவிடச் சரியாகக் கேட்டதில்லை.

அடுத்த பாட்டில் யாரையும் ஓடச் சொல்வதில்லை என்று முடிவெடுத்தோம். ஆனால் ராப்பில் பாடுகிறவன் தன்னை ஏதாவது ஒரு மிருகமாகச் சொல்லிக்கொள்ள வேண்டும் என்றான். யுத்தம் திரும்பவும் மூண்டிருந்த காலம் அது. புலி என்ற சொல்லை மிருகக்காட்சிசாலையில்கூட மெதுவாகத்தான் சொல்ல வேண்டும். சிங்கம் என்றால் மற்றப் பக்கத்தில் சேர்ந்துவிட்டான் என்பார்கள். யானை ஏற்கனவே வாக்குச் சீட்டில் நின்றது.

“மீன் எண்டு போடன். மட்டக்களப்பில மீனே பாடுமாம்” என்றேன்.

“அதுவும் தண்ணிக்குள்ள காத வச்சாத்தானாம் கேக்கும். ரோட்டில பாடுற என்னையே ஒருத்தரும் கேக்கல்ல, நீங்க வேற.”

அப்போது இருவரும் சட்டியில் எருமைத் தயிர் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவன் சட்டியையே பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். எம்.சி. எருமை பிறந்தான்.

‘நான் எருமை! கறுப்பு எருமை! ரோட்டில படுத்தா லொறியும் நிக்கும்!’ சோதனைச் சாவடியில் ஆட்டோவை மறித்த சிப்பாய் இதற்கு அர்த்தம் கேட்டார். யாப்பிலக்கணம் கற்ற நான், வெயிலில் நின்று, அதை வரி வரியாகச் சிங்களத்தில் சொன்னேன். 

“மீ ஹரகாத?” என்று அவர் நம்பாமல் கேட்டார். எருமையா?

ஓம் என்றோம். அவர் அறிவித்தலைத் தலையிலிருந்து கால் வரை பார்த்து, பொருத்தம் என்பதுபோலத் தலையாட்டி, போகவிட்டார்.

யுத்தம் முடிந்த வருடம், கல்லடிக் கடற்கரையில் ஒரு இசைக்குழு நிகழ்ச்சிக்கு முன் அவனுக்கு ஒரு பாட்டு நேரம் கொடுத்தார்கள். அவன் வாயைத் திறந்ததும் பாதிப் பேர் கச்சான் கடலை வாங்க எழுந்தார்கள். மீதிப் பேர் அவர்களைத் தேடிப் போனார்கள். நான் பின்னால் நின்று, பின்பக்கமாகத் திருப்பிய அதே தொப்பியோடு “ஓய்” என்றேன். இரண்டாம் சரணத்தில் ஆட்டோ ஓட்டும் நண்பர்களும் நழுவினார்கள்.

முதல் வரிசையில் புஸ்பம் அக்கா மட்டும் உட்கார்ந்திருந்தார். கையை மடியில் வைத்து, இமைக்காமல், கடைசிச் சொல் வரை. அந்தக் குரலைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போக அவரால் முடியாது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அறிவித்தல் மேடையிலிருந்து குதித்து ஓடினான். கண் கலங்கியிருந்தது. “அக்கா, கடைசி வரைக்கும் இருந்து கேட்டயளாக்கா?”

“ஓம் மனே, ஒரு சொல்லும் விடல்ல” என்றார் அவர். “ஆர்ர எருமை செத்ததெண்டு மட்டும்தான் விளங்கல்ல.”