அசல் ஒடுக்கு

முதலில் சத்தியம். இனிச் சொல்லப்போவதில் ஒரு எழுத்து பொய்யாக இருந்தாலும் என் பற்களெல்லாம் ஒரே ராத்திரியில் கொட்டிப்போகட்டும். கொட்டுவதற்கு ஒன்றும் மிச்சமில்லையே என்று என்னைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். சத்தியம் செய்ய வாய் இருந்தால் போதும்.

வசதியானவர்களுக்கெல்லாம் பழைய கார் பைத்தியம் பிடித்திருந்த காலம் அது. புதுக் காரில் வந்து இறங்கினால், "பாவம், தவணையில வாங்கியிருப்பார்" என்றார்கள். நாலு பேர் தள்ளினால்தான் நகரும் காரில் வந்து இறங்கினால் எழுந்து நின்று கும்பிட்டார்கள்.

அந்தக் கும்பிடுக்கு ஆசைப்பட்டு ஒரு பல் டாக்டர் ஏமாந்துபோனார். அவர் வாங்கிய பழங்காலக் காரின் உடம்பு ஒரு வண்டியுடையது, எஞ்சின் இன்னொன்றுடையது, பதிவுப் புத்தகத்தில் இருந்த நம்பரோ எப்போதோ ஆற்றில் முழுகிப்போன மூன்றாவது வண்டியுடையது. பொய்ப்பல் கட்டியே மாடிவீடு கட்டிய மனிதரை ஒரு பொய்க் கார் கவிழ்த்துவிட்டதே என்று ஊர் ஒரு வாரம் வாய்விட்டுச் சிரித்தது. அன்றிலிருந்து அவர், அசல்தன்மைச் சான்று இல்லாமல் ஒரு ஹாரனைக்கூட வாங்குவதில்லை என்று முடிவெடுத்தார்.

இப்படிப்பட்டவர் கண்ணில்தான் கண்ணாடிக்காரரின் கார் பட்டது.

கண்ணாடிக்காரர் என்றால் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிட்டவர், தான் மட்டும் மாட்டிக்கொள்ள மாட்டார். "கண்ணாடி விக்கிறவனே கண் தெரியாம இருந்தா யாரு கடைக்கு வருவா?" என்பார். வெள்ளை நிறத்தில், தவளை மாதிரி முழித்துக்கொண்டு, முப்பது வருஷமாக அவரிடம் ஒரு கார் இருந்தது. அதை விற்றுக் கடைக்குக் கண் பரிசோதிக்கும் மிஷின் ஒன்று வாங்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் எதிரே புதிதாக வந்திருக்கும் பெரிய கடை தன்னை முழுங்கிவிடும் என்பது அவர் பயம். பல் டாக்டர் ஒப்புக்கொண்டார். ஒரே நிபந்தனை, சான்று வேண்டும்.

காரில் ஒரே ஒரு குறை. இடது பின்பக்கம், சக்கரத்துக்கு மேலே ஓர் ஒடுக்கு. கார் வாங்கிய மாதமே கேட் தூணில் இடித்து விழுந்தது. "எம் பொண்டாட்டி ஓட்டிப் பழகின லட்சணம்" என்று வீட்டுக்கு வந்த ஒவ்வொருவரையும் அழைத்துப்போய் அதைக் காட்டுவார். "நான் இடிக்கலை" என்று அந்த அம்மாள் சமையலறையிலிருந்து சொல்வாள். விருந்தாளிகள் இன்னும் பலமாகச் சிரிப்பார்கள். சொல்லிச் சொல்லி அந்தக் கதை அவருக்கே நெஞ்சில் பதிந்துவிட்டது. காரின் ஸ்டியரிங்கை அந்த அம்மாள் தொட அதற்குப் பிறகு அனுமதியில்லை. இத்தனைக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிப்போகும் வேனை இருபது வருஷமாக ஓட்டுகிறவள் அவள்தான். தெருவில் எல்லோருக்கும் அவள் வேன் அக்கா. "வேன் வேற, கார் வேற. இவளுக்கு ரிவர்ஸ் வராது" என்பது கண்ணாடிக்காரரின் தீர்ப்பு.

விற்கிற பொருளைக் குறையோடு விற்பானேன் என்று டிங்கரைக் கூப்பிட்டு ஒடுக்கை எடுத்துவிட்டார். பெயின்ட் அடித்ததும் கார் கல்யாணப் பெண் மாதிரி ஆகிவிட்டது. துடைத்துத் துடைத்துச் சான்றலுவலகத்துக்கு ஓட்டிக்கொண்டு போனார்.

அசல்தன்மை அதிகாரி காரைச் சுற்றி வந்தார். எஞ்சின் நம்பரைப் பார்த்தார், சரி. சேஸிஸ் நம்பரைப் பார்த்தார், அதுவும் சரி. பிறகு இடது பின்பக்கம் குனிந்தவர் நிமிரவேயில்லை.

"ஒடுக்கு எங்கே?"

"எடுத்துட்டேன் சார்."

"எடுத்து எங்கே வைத்திருக்கிறீர்கள்?"

"ஒடுக்கை எடுத்தா வைக்கிறதுக்கு என்ன சார் இருக்கு? அது போயிடும்."

"அரசுப் பதிவில் உள்ள ஒன்று அப்படியெல்லாம் போய்விட முடியாது" என்றார் அதிகாரி.

விஷயம் இதுதான். முப்பது வருஷத்துக்கு முன் காரைப் பதிவு செய்த குமாஸ்தா, ஒரு கட்டம் காலியாக இருந்தால் அரசாங்கமே கவிழ்ந்துவிடும் என்று நம்பியவர். மனிதர்களுக்காக அச்சடித்த படிவத்தில் 'அங்க அடையாளம்' என்றிருந்த இடத்தில் அவர் எழுதியிருந்தார்: 'இடது பின் இடுப்பில் ஒடுக்கு. அகலம் நாலு விரல். ஆழம் அரை எலுமிச்சம்பழம். உண்டாக்கியவர்: உரிமையாளரின் மனைவி.'

"நம்பரை எந்தத் திருடனும் அடித்துக்கொள்வான்" என்றார் அதிகாரி. "ஒடுக்குதான் கைரேகை மாதிரி. ஒடுக்கு இல்லாத இந்த வாகனம், ஒடுக்குள்ள வாகனத்தின் பெயரில் நடமாடுகிறது. இது ஆள்மாறாட்டம்."

"சார், நானே முப்பது வருஷமா ஓட்டறேன்."

"எதை? அதைத்தான் கேட்கிறோம்."

அன்று சாயங்காலமே டிங்கர் சுத்தியலோடு வந்தார். "ஒரு தட்டுல பழையபடி போட்டுத் தர்றேன், அண்ணே." போட்டும் தந்தார். மறுநாள் அதிகாரி ஒரு பார்வையிலேயே கண்டுபிடித்துவிட்டார். சுத்தியல் ஒடுக்கு போலி ஒடுக்கு. அரசு ஒடுக்கைப் போலி செய்வது தனிக் குற்றம். அசல் ஒடுக்கை மீண்டும் பெற வேண்டுமானால் விதி தெளிவாக இருந்தது. டிங்கர் போட்ட ஒடுக்கை நீக்கிவிட்டு, அதே வாகனம், அதே தூண், அதே நபர், அதிகாரி முன்னிலையில் இடிக்க வேண்டும். அந்த நபருக்கு அலுவலகம் வைத்திருந்த பெயர் 'மூல ஒடுக்காளர்'.

மூல ஒடுக்காளர் வேனைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, ஒரு உதவி" என்று கண்ணாடிக்காரர் பக்கத்தில் போய் நின்றார்.

"வாளியை எடுத்துக் குடுங்க. என்ன உதவி?"

"காரை ஒரு தரம் ரிவர்ஸ் எடுத்து, அந்தத் தூணுல லேசா இடிக்கணும்."

அவள் குழாயை மூடிவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்தாள். "வெயில்ல அலைஞ்சீங்களா?"

அவர் எல்லாவற்றையும் சொன்னார்.

"முப்பது வருஷம் தொடாதே தொடாதேன்னீங்க. இப்ப இடி இடின்னு கெஞ்சறீங்க. நான் இடிக்கலைங்க, அன்னைக்கும் அதைத்தான் சொன்னேன்."

"பழசை ஏன் கிளறுற? மிஷின் வரணுமா வேண்டாமா?"

"ஓட்டறேன். இடிக்கும்னு உத்தரவாதம் தர முடியாது."

குறித்த நாளில் அலுவலக ஜீப் வந்தது. ஜீப் டிரைவர் மடக்கு நாற்காலியை விரித்துப் போட, அதிகாரி உட்கார்ந்தார். பல் டாக்டர் கழுத்தில் கேமராவோடு வந்தார். தெருவே திமுதிமுவென்று கூடியது.

வேன் அக்கா ஏறி, கண்ணாடியைத் திருப்பி வைத்து, ஒரே வளைவில் காரைப் பின்னுக்கு எடுத்தாள். தூணுக்கும் காருக்கும் நடுவே ஒரு தீப்பெட்டி போகும் இடம். அதற்கு மேல் இம்மி நகரவில்லை. மறுபடி எடுத்தாள். அதே தீப்பெட்டி.

"மூல ஒடுக்காளர் ஒத்துழைக்கவில்லை" என்று அதிகாரி குறித்துக்கொண்டார்.

"ஸ்டியரிங்கை இன்னும் கொஞ்சம் ஒடி" என்று கண்ணாடிக்காரர் கத்தினார்.

"ஒடிச்சா இடிச்சிடும்ங்க."

"இடிக்கத்தாம்மா இந்தக் கூட்டம்."

"கை வர மாட்டேங்குது. தினம் பிள்ளைங்களை வெச்சு ஓட்டற கை."

கண்ணாடிக்காரருக்குத் தலைக்கேறிவிட்டது. மிஷின் கண்ணெதிரே போய்க்கொண்டிருந்தது. "எறங்கு. எப்படி இடிக்கணும்னு நான் காட்டறேன். கிட்டத்துல கொண்டுபோய் நிறுத்திடறேன், மிச்சத்தை நீ பாத்துக்கோ" என்று ஏறி உட்கார்ந்தார். இடது தோளுக்கு மேலே கழுத்தைத் திருப்பி, கண்ணை இடுக்கித் தூணைத் தேடினார். தூண் இருக்க வேண்டிய இடத்தில் அவருக்குப் புகை மாதிரி ஏதோ தெரிந்தது. மிதித்தார்.

சத்தம் தெருக்கோடிவரை கேட்டது.

அதிகாரி எழுந்தார். நாலு விரலை வைத்தார், சரியாக இருந்தது. பையிலிருந்து அலுவலக முத்திரை குத்திய ஒரு டப்பாவைத் திறந்து, அரை எலுமிச்சம்பழத்தை எடுத்துப் பள்ளத்தில் வைத்தார். அது தன் வீட்டுக்கு வந்தது போல உட்கார்ந்தது.

"வாகனம் அசல்" என்று அறிவித்தார். பல் டாக்டர் கைதட்டினார்.

"ஆனால்" என்றார் அதிகாரி. கைதட்டல் நின்றது. "பதிவின்படி இந்த ஒடுக்கை உண்டாக்கியவர் உரிமையாளரின் மனைவி. இன்று நிரூபணமானபடி இதை உண்டாக்கியவர் தாங்கள். ஆகவே தாங்கள்தான் உரிமையாளரின் மனைவி."

"சார், எனக்கு மீசை இருக்கு."

"படிவத்தில் மீசைக்குக் கட்டம் இல்லை."

"அப்ப ஓனர் யாரு?" என்றார் பல் டாக்டர்.

"இந்தத் தம்பதியில் மீதியிருப்பவர் ஒருவர்தானே" என்று அதிகாரி வேன் அக்காவைப் பார்த்து முதல்முறையாகக் கைகூப்பினார். "தாங்கள்தான் உரிமையாளர், அம்மா. விற்பதானால் தாங்கள் கையெழுத்திட வேண்டும்."

"நான் விக்கலை" என்றாள் வேன் அக்கா.

கண்ணாடிக்காரர் மெல்லக் கீழே இறங்கி ஒடுக்கைப் பார்த்தார். தூணைப் பார்த்தார். முப்பது வருஷத்துக் கதை ஒன்று அவருக்குள் சரசரவென்று சரிந்தது.

"ஏம்மா, அப்ப அன்னைக்கும்..."

"நான் சொன்னப்ப கேக்கலை. எலுமிச்சம்பழம் சொன்னதும் கேக்குது. முதல்ல நம்ம கடையிலயே ஒரு கண்ணாடி எடுத்து மாட்டுங்க. இப்ப ஏறுங்க, அந்தப் பக்கம். ஸ்டியரிங் கிட்ட கை போகக் கூடாது."

ஏறினார்.

அப்போதுதான் ஜீப் டிரைவர் தொண்டையைச் செருமினார். "சார், நம்ம ஜீப்புலயும் முன்னால ஒரு ஒடுக்கு இருக்கே. எம் பேர்ல எழுதினீங்களே. அதையும் ஒரு தரம் இடிச்சுப் பாத்துடலாமா சார்?"

அதிகாரி எலுமிச்சம்பழத்தை டப்பாவில் போட்டு மூடினார். "அலுவலக வாகனங்களுக்கு இந்த விதி பொருந்தாது" என்றார்.

பல் டாக்டர் சும்மா இருக்கவில்லை. தன் பொய்க் காருக்கு அரசு அங்கீகாரம் பெற்ற ஒடுக்காளர் கையால் ஓர் அசல் ஒடுக்கு வேண்டும் என்று கண்ணாடிக்காரரிடம் வந்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் வரிசையில் நின்றார்கள். ஒடுக்கு இல்லாத காரில் போவது அவமானம் என்றாகிவிட்டது. ஒடுக்குக் கூலியிலேயே கடைக்கு மிஷினும் வந்துவிட்டது. கண்ணாடிக்காரர் இப்போது கண்ணாடி போடுகிறார். இடிக்கும் நேரத்தில் மட்டும் கழற்றி வைத்துவிடுகிறார்.

அன்று கூட்டத்தில் நின்ற ஆண்பிள்ளைகள் ஏன் ஒருத்தருக்கொருத்தர் முகம் பார்க்காமல் கலைந்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். ஆனால் இதைச் சொன்னது நான்தான் என்று யாரிடமும் மூச்சு விடாதீர்கள். யாராவது கேட்டால் உங்கள் வீட்டம்மா சொன்னதாகச் சொல்லிவிடுங்கள். இத்தனை நாளும் அப்படித்தானே சமாளித்தீர்கள்.