மலை ஏறினால் சர்க்கரை

ஊருக்கெல்லாம் இனித்த கரும்பு சுப்புராயனுக்கு மட்டும் கசந்துபோனது. கச்சிராயபாளையத்தில் மூன்று ஏக்கர் கரும்பு போட்டவர். வருஷா வருஷம் ஆலைக்கு டிராக்டர் டிராக்டராக அனுப்புகிறவர். அவர் குடிக்கிற டீயில் மட்டும் சர்க்கரை கிடையாது.

டாக்டர் சொன்னது ஒரே வரி: சர்க்கரையை விடு, தினமும் நட. அவர் மனைவி அமிர்தம் அதைச் சட்டமாக்கிவிட்டாள். சர்க்கரை டப்பா அடுப்படியை விட்டு பீரோவுக்குள் போய்விட்டது. நகைக்கு இல்லாத காவல் இப்போது அதற்கு உண்டு. கடைத்தெருவில் குடிக்கலாம் என்றால், அங்கேயும் அவள் முந்திக்கொண்டாள். "எங்க வூட்டுக்காரருக்கு எவனாவது சக்கரை போட்டுக் குடுத்தா நானே வந்து பேசறேன்" என்று ஒரு நாள் சொல்லிவிட்டுப் போனாள். அன்று முதல் சுப்புராயன் தலையைக் கண்டாலே டீ மாஸ்டர் சர்க்கரையை மறைத்துவிடுகிறார்.

ஒரு சாயங்காலம் வீட்டில் அவருக்குப் பொறுக்கவில்லை. கிளாஸைத் தரையில் டொக்கென்று வைத்தார்.

"இது டீயா, வேப்பெண்ணெயா?"

"டாக்டரு நடக்கவும்தான் சொன்னாரு. தெருமுனைக்குப் போவ பைக் எடுக்கிறீங்களே, நடந்தீங்களா?" முறத்தில் அரிசி புடைத்தபடியே கேட்டாள் அமிர்தம்.

"நடக்கறது இன்னாமே பெரிய நடக்கறது! நான் மலையே ஏறுவேன்!"

"எந்த மலைங்க?"

வாய் மாட்டிக்கொண்டால் கை என்ன செய்யும்? அது தானாகக் கல்வராயன் மலைப் பக்கம் நீண்டது.

"அணைக்கு மேல மாட்டு முதுகு மாதிரி தெரியுது பாரு, அந்த முகடு. அது மேலயே நடந்து போயி அருவியில நின்னு காட்டறேன். காட்டிட்டா சக்கரை போட்டு டீ தரியா?"

அழுவாள், கையைப் பிடித்துத் தடுப்பாள் என்று பார்த்தார். அமிர்தம் முறத்திலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"மலை ஏறினா தரேன். அருவியாண்ட நின்னு போட்டோ எடுத்துகினு வாங்க, நம்பறேன்."

சுப்புராயனுக்கு அதிர்ச்சி. இவ்வளவு சீக்கிரம் அவள் எதற்கும் ஒத்துக்கொண்டதில்லை. கல்யாணத்துக்கே ரொம்ப நாள் யோசித்தவள்.

ஆனால் அவர் கெட்டிக்காரர். ராத்திரி படுத்தபடியே திட்டம் முடிந்துவிட்டது. விடியற்காலையில் அவள் கண்ணெதிரே அணைப் பக்கம் நடப்பது. பிறகு கரும்புக் கொல்லைக்குள் புகுந்து, மலைப்பாதையில் அடுத்த நிறுத்தத்துக்கு வந்துவிடுவது. வெள்ளிமலை பஸ்ஸில் சொகுசாக மேலே போய் இறங்கினால், அருவிக்குக் கொஞ்ச தூரம் இறக்கம்தான். ஒரு போட்டோ. மறுபடியும் பஸ். அமிர்தம் வேவு பார்க்க வருவாளா? காசு கொடுத்து பஸ் ஏறுகிற ஜாதியில்லை அவள். இதையும் யோசித்துவிட்டுத்தான் தூங்கினார்.

காலையில் அயன் பண்ணிய வெள்ளைச் சட்டையும் சலவை வேட்டியுமாகக் கிளம்பினார். போட்டோவில் நன்றாக விழ வேண்டுமே! அமிர்தம் மேலும் கீழும் பார்த்தாள். "பாத்துப் போங்க" என்று மட்டும் சொன்னாள்.

எல்லாம் திட்டப்படி நடந்தது. புளியமரத்து நிறுத்தத்தில் பஸ்ஸும் வந்து நின்றது. ஒரு காலைப் படியில் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

ஜன்னலோரம் அமிர்தம்!

மடியில் கூடை. முகம் மலைப் பக்கம். அவர் உயிர் பாதி அந்தப் படியிலேயே இறங்கிவிட்டது. வைத்த காலை எடுத்து, புளியமரத்துக்குப் பின்னால் பாய்ந்தார்.

"யோவ் பெருசு! ஏறுறியா, இல்லியா?" கண்டக்டர் கத்தினார்.

குரல் கொடுத்தால் கதை முடிந்தது. சுப்புராயன் கையை மட்டும் ஆட்டினார்.

"பாவம், வாய் பேச முடியாதவரு போல. ரைட், ரைட்!"

பஸ் போய்விட்டது. அடுத்த பஸ் மத்தியானத்துக்கு மேல்தான். அருவியில் அவள் காத்திருக்க, புருஷன் வரவே இல்லை என்றால்? சர்க்கரை டப்பா பீரோவிலிருந்து பேங்க் லாக்கருக்குப் போய்விடும். நடந்தே ஆக வேண்டும். நிஜமாகவே.

சுப்புராயன் மலை ஏறினார். ஏறினார் என்பது மரியாதைக்குச் சொல்வது. முதல் ஏற்றத்தில் மூச்சு வாங்கியது. இரண்டாவது ஏற்றத்தில் மூச்சு வாங்கவும் முடியவில்லை. முள்செடி சட்டையில் ஒரு பங்கு கேட்டது. முகட்டின் மேல் பாதை ஓரடி அகலம். இந்தப் பக்கம் பார்த்தால் பள்ளம், அந்தப் பக்கம் பார்த்தால் அதைவிடப் பெரிய பள்ளம். வேட்டியை மடித்துக் கட்டி உட்கார்ந்தவர், உட்கார்ந்தபடியே நகர்ந்தார். எதிரே தலையில் விறகுக் கட்டோடு மலைக்காரப் பெண்ணொருத்தி கையை வீசிக்கொண்டு வந்தாள்.

"இன்னாண்ணே, ஒக்காந்துகினே மலை ஏறுறீங்க?"

"எங்க ஊர்ல இப்படித்தாம்மா ஏறுவோம்" என்றார் சுப்புராயன். வேறு என்ன சொல்வது?

பாறையில் வழுக்கி, மூங்கிலைக் கட்டிப்பிடித்து, கும்பிடாத சாமிக்கெல்லாம் கடன்பட்டு, கடைசியில் அருவிச் சத்தம் கேட்கிற இடத்துக்கு வந்தபோது சலவை வேட்டி செம்மண் வேட்டியாகியிருந்தது.

பாறை மேல் ஈரத்தலையை உலர்த்திக்கொண்டு அமிர்தம் எலுமிச்சை சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டீங்களா? உக்காருங்க."

"நீ... எங்கமே இங்க?" தெரியாதவர் போலக் கேட்டார்.

"வூட்ல சும்மாதானே இருக்கேன்னு பஸ்ல வந்தேன். கஷ்டமா இருந்துச்சா?"

"கஷ்டமா? இதெல்லாம் ஒரு மலையா!" சொன்னபடியே பாறையில் தொப்பென்று உட்கார்ந்தார்.

அமிர்தம் அவரை நிற்க வைத்து, அவளே போட்டோவும் எடுத்தாள். பிறகு கூடையிலிருந்து பிளாஸ்க்கை எடுத்து டீ ஊற்றிக் கொடுத்தாள். ஒரு வாய் குடித்தார். இனிப்பு! நிஜச் சர்க்கரை! கண்ணில் நீர் வந்துவிட்டது. மலை, முள், பள்ளம் எல்லாம் மறந்துபோனது. ஜெயித்துவிட்டோம் என்று நெஞ்சு நிமிர்ந்தது.

"நாளையிலேர்ந்து காலையில ஒன்னு, சாயங்காலம் ஒன்னு. சக்கரை ஜாஸ்தியா."

"வூட்லயா? மலை ஏறினா தரேன்னுதானே பேச்சு. ஏறுற அன்னிக்கு உண்டு. ஏறாத அன்னிக்கு இன்னாத்துக்கு?"

சுப்புராயன் டீயைக் கீழே வைத்தார்.

"அப்ப இவ்ளோ தூரம் ஏறினதுக்கு இந்த ஒரு டீதானா? நான் ஏறினதை நீ நம்பலியா?"

"நம்பாம? ஏற வெச்சவளே நான்தானே. மலை ஏறப் போறவரு அயன் சட்டை போட்டப்பவே பஸ்ஸுக்குத்தான் போறீங்கன்னு தெரிஞ்சுபோச்சு. அதான் உங்க கண்ணுல படட்டும்னு ஜன்னலோரமா உக்காந்தேன். புளியமரத்துக்குப் பின்னாடி உங்க வேட்டி நல்லாத் தெரிஞ்சுது."

சுப்புராயன் வாயைத் திறந்தார். கண்டக்டர் சொன்னது பலித்துவிட்டது, வார்த்தை வரவில்லை. கடைசியாக ஒன்றே ஒன்று பிடிபட்டது.

"தினம் தினம் என்னைக் காவல் காக்க பஸ்ல வருவியா? டிக்கெட்டுக்கு எங்கமே போவ?"

அமிர்தம் பிளாஸ்க்கை மூடினாள்.

"பொம்பளைங்களுக்கு பஸ்ஸு ஃப்ரீங்க."