ஏலவார்குழலியின் நாத்தனார்

உலகம் முழுவதற்கும் பட்டுச் சேலை விற்றுவிடுவது என்று தனசேகரன் தீர்மானம் செய்தபோது, அந்த உலகத்தில் தம் மனைவியும் அடக்கம் என்பதை அவர் நினைத்துப் பார்க்கவில்லை.

பிள்ளையார்பாளையத்தில் வீட்டின் முன் அறையையே கடையாக வைத்துக்கொண்டு, ஐயம்பேட்டைத் தறிகளில் நெய்து வாங்கி விற்பவர் அவர். படம் எடுக்கும் செல்போன் ஊருக்குள் புதிதாக நுழைந்திருந்த காலம். காந்தி ரோட்டில் பிரவுசிங் சென்டர் நடத்திய அஹமது பாஷா அவருக்கு ஓர் இணையதளம் அமைத்துக் கொடுத்தார். அதன் முதல் பக்கத்தில் ஒரே ஒரு சேலை. அரக்கு உடல், மாம்பழ மஞ்சள் கரை. அவ்வாண்டு அவருக்காக நெய்தவற்றில் அதற்கு இணை கிடையாது.

அந்தச் சேலையைத் தறியிலிருந்து அறுத்து எடுத்துவந்த அன்றே, "இது உனக்குத்தான். உன் அண்ணன் பொண்ணு கல்யாணத்துக்குக் கட்டிக்கோ" என்று மனைவி பெரியநாயகியிடம் வாய் நிறையச் சொல்லிவிட்டார். வாய்தான் நிறைந்ததே தவிர மனம் நிறையவில்லை. கணினித் திரையில் அதைப் பார்த்தபின் புத்தி அடியோடு மாறிவிட்டது. கடல் கடந்தவர்கள் கண்டு மயங்க வேண்டிய சேலையை, மனைவி கட்டிக்கொண்டுபோய்ப் பந்தியில் ரசம் சிந்திக்கொள்வதா?

"படம் மட்டும் போதாது அண்ணே" என்றார் பாஷா. "வாங்கினவங்க நாலு பேரு நல்லாருக்குதுன்னு சொல்லணும். 'வாடிக்கையாளர் வாழ்த்து'ன்னு ஒரு பக்கம் போட்டுக்கீறேன், காலியா இருக்குது பாருங்க. பக்கம் காலின்னா கடையும் காலின்னு நெனச்சுக்குவாங்க."

தனசேகரன் வாழ்த்துக் கேட்டுப் புறப்பட்டார். தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவின் மனைவி முகம் வெளுத்து, "எழுதிக் குடுக்கணுமா? இன்னா கேஸு?" என்றாள். டாக்டர் வீட்டு அம்மாள் இன்னும் தெளிவானவர். "சேலை நல்லாத்தான் இருக்குது. அதை எழுதிக் குடுத்துட்டா, நாளைக்குச் சாயம் போனா உங்ககிட்ட எப்படி சண்டை போடறது?"

இருப்பவர்கள் கைவிட்டதால், இல்லாத ஒருத்தியை அவரே உண்டாக்கினார். ஏகாம்பரநாதர் கோயில் அம்மனின் திருநாமத்தையே கூசாமல் அவளுக்குச் சூட்டினார். ஊர் மட்டும் யாரும் எளிதில் போய் விசாரிக்க முடியாத ஊராகப் பார்த்துக்கொண்டார். பாஷா தட்டச்சுச் செய்ய, உலகம் வாசித்தது:

'என் மகளின் திருமணத்தில் மணப்பெண்ணைப் பார்த்தவர்களைவிட நான் உடுத்தியிருந்த அரக்குச் சேலையைப் பார்த்தவர்களே அதிகம். — ஏலவார்குழலி, டொராண்டோ.'

அந்தப் பக்கத்தை வண்ணத்தில் அச்சிட்டு முன் அறைச் சுவரிலும் ஒட்டிவைத்தார்.

கையிருப்புச் சேலைகளை அவ்வப்போது பிரித்து மடிப்பை மாற்றாவிட்டால் சரிகை முறிந்துவிடும். அந்த வேலை பெரியநாயகியுடையது. ஆகவே அலமாரியில் எது இருக்கிறது, எது இல்லை என்பது அவளுடைய விரல்களுக்கே தெரியும். கல்யாணம் நெருங்கிய வாரத்தில் ஒருநாள், கணவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏங்க, பரண் மேல இருக்குற குக்கர் பெட்டியில குக்கர்தான இருக்கணும்?"

"ஆமா."

"சேலை இருக்குது."

தனசேகரனுக்குச் சோற்று உருண்டை பாதி வழியில் நின்றுவிட்டது. தண்ணீர் குடித்தார். தேவைக்கு மேலும் கொஞ்சம் குடித்தார்.

"அது வித்துட்டேன்."

"வித்த சேலை பரண்ல ஏன் ஏறி உக்காந்துக்கினு இருக்குது?"

"பத்திரமா இருக்கட்டும்னுதான். டொராண்டோ பார்ட்டி, ஏலவார்குழலின்னு பேரு. பணமெல்லாம் வந்துடுச்சு. ஆளு அனுப்பி வாங்கிப்பாங்க. நம்பிக்கை இல்லன்னா செவுத்துல பாரு, அவங்களே எழுதிக்கீறாங்க."

பெரியநாயகி எழுந்துபோய், பரீட்சைத் தாளைத் திருத்துகிறவள்போல ஒவ்வொரு சொல்லாக வாசித்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"மக கல்யாணத்துல இந்தச் சேலையைத்தான் எல்லாரும் பாத்தாங்களாமே?"

"பின்ன?"

"குக்கர் பெட்டியோடவா கட்டிக்கினாங்க?"

உடலையும் கரையையும் வெவ்வேறு நிறத்தில் நெய்து, இரண்டையும் இழை பிசகாமல் இணைப்பதைக் கோர்வை என்பார்கள். அந்தக் கோர்வை பட்டுக்கு எவ்வளவு முக்கியமோ பொய்க்கும் அவ்வளவு முக்கியம். பட்டில் தனசேகரன் கெட்டிக்காரர்.

"அது மொத சேலை. இது ரெண்டாவது. ஒரே பாவுல நெய்ஞ்சது" என்றார். ஒரு பாவில் மூன்று சேலைவரை நெய்யலாம் என்ற தொழில் உண்மை தக்க சமயத்தில் கைகொடுத்ததில் அவருக்கே ஒரு பெருமிதம்.

"மொத சேலையை எப்ப வந்து வாங்கினாங்க? இந்த வூட்டுக்கு சேலை பாக்க வந்தவங்க எல்லாருக்கும் காப்பி போட்டவ நானு."

"நீ உங்கண்ணன் வூட்டுக்குப் போயிருந்த."

"அப்ப காப்பி?"

"மோரு குடுத்தேன்."

"நீங்களா? மோரா?"

"பாக்கெட் மோரு."

"ஆளு எப்படி இருப்பாங்க?"

"ஒசரமா. கண்ணாடி போட்டுக்கினு. நெத்தியில ஒரு மச்சம்." அந்த மச்சத்தை யாரும் கேட்கவில்லை. உற்சாகத்தில் தானாக வந்து விழுந்தது.

"மச்சத்தையெல்லாம் பாத்து வெச்சிக்கீறீங்க."

"அப்படிப் பாக்கலம்மா. காதோரமா இருந்துது, கண்ணுல பட்டுது."

"நெத்தின்னீங்க."

"நெத்தியும் காதும் பக்கத்துல பக்கத்துலதானே இருக்குது?"

பெரியநாயகி சற்று நேரம் அவர் நெற்றியையும் காதையும் மாறி மாறிப் பார்த்தாள். "வாங்கிக்கினு போறதுக்கு யாரு வருவாங்க?"

"நாத்தனாரு. இங்க பக்கத்துல செவிலிமேட்டுல இருக்காங்களாம்."

"சரி. வித்த பொருளு. அடுத்தவங்க சேலை மேல நான் ஏன் ஆசைப்படணும்? இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தட்டுமா?"

அவள் அழவில்லை, முணுமுணுக்கவில்லை, பாத்திரம் எதையும் ஓங்கி வைக்கவும் இல்லை. தனசேகரன் வெற்றி பெற்றவராகக் கை கழுவினார். ஆனால் அன்று பிற்பகல் படுத்தவருக்குத் தூக்கம் வரவில்லை. இருபது ஆண்டு இல்லறத்தில் பெரியநாயகி இவ்வளவு சீக்கிரம் சரி என்று சொன்னதே இல்லை.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலை வாசலில் ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. மஞ்சள் பையும் தடித்த குரலுமாக ஒரு பெண்மணி இறங்கினாள்.

"தனசேகரன் அண்ணன் வூடு இதுதானே? நான் டொராண்டோ ஏலவார்குழலியோட நாத்தனாரு. செவிலிமேட்டுல இருந்து வர்றேன். அண்ணி சேலையை வாங்கிக்கினு வரச் சொன்னாங்க."

தனசேகரன் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். இல்லாத ஒருத்திக்கு நாத்தனார் வந்துவிட்டாள்!

"வாங்க, வாங்க" என்று பெரியநாயகி முகம் மலர வரவேற்றாள். "இவருக்கு எந்நேரமும் உங்க அண்ணி பேச்சுதான்."

எவளோ ஏமாற்றுக்காரி, பொறுமையாக மடக்கிவிடலாம் என்று தனசேகரன் தம்மைத் தேற்றிக்கொண்டார்.

"உங்க அண்ணி எப்படி இருப்பாங்க, சொல்லுங்க பாப்போம்."

"இன்னா அண்ணே, நேர்ல பாத்தவரு நீங்க, என்னைக் கேக்கறீங்க? ஒசரமா, கண்ணாடி போட்டுக்கினு இருப்பாங்க."

"மச்சம்?"

"நெத்தியில ஆரம்பிச்சு காதோரம் வரைக்கும் இருக்குமே! அடடா, நீங்க மோரு குடுத்தீங்களாம், அந்த மோரு ருசியை இன்னும் சொல்லிக்கினு இருக்காங்க."

ஒருவேளை அப்படி ஒருத்தி உண்மையிலேயே இருக்கிறாளோ? தாம் எழுதியதை வாசித்துவிட்டு, அது தானேதான் என்று நம்பிவிட்டாளோ? அம்மன் பெயரை வைத்து விளையாடியிருக்கக் கூடாது.

"அது... சேலை இன்னும் ரெடியாகல. முந்தானையில குச்சம் கட்டணும்."

"நேத்தே கட்டிட்டேங்க" என்றாள் பெரியநாயகி.

"அடையாளம் ஒண்ணும் இல்லாம எப்படி நம்பிக் குடுக்கறது?"

வந்தவள் பையிலிருந்து செல்போனை எடுத்தாள். "அண்ணிக்கே போன் போட்டுத் தரட்டுமா? அங்க எல்லாரும் படுத்திருப்பாங்க. பரவால்ல, உங்களுக்குன்னா எழுந்து பேசுவாங்க."

"வேணாம்! வேணாம்!" தனசேகரன் அலறியே விட்டார். மறுமுனையில் யாராவது பேசிவிட்டால் என்ன செய்வது?

அதற்குள் பெரியநாயகி தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமத்தோடு அந்தச் சேலையைக் கொண்டுவந்துவிட்டாள். மாம்பழ மஞ்சள் கரை காலை வெயிலில் ஒரு தரம் மின்னியது. வந்தவள் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கினாள். சேலை மஞ்சள் பைக்குள் போயிற்று. ஆட்டோக்காரன் ஹாரன் அடித்தான். அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

இவள் திருடி என்று கத்தினால், எப்படித் தெரியும் என்று மனைவி கேட்பாள். பேசாமல் இருந்தால் சேலை செவிலிமேட்டுக்குப் போய்விடும். பொய் தப்பித்தால் பட்டுப் போகும். பட்டுத் தப்பித்தால் மானம் போகும். அவள் ஒரு படி இறங்கினாள். மறு படியிலும் கால் வைத்தாள். அவர் மனம் தராசுபோல ஆடி, கடைசியில் வியாபாரிக்கே உரிய பக்கமாகச் சாய்ந்தது.

"நில்லும்மா! அப்படி ஒருத்தியே கெடையாது!"

தெரு திரும்பிப் பார்த்தது. ஆட்டோக்காரன் இன்ஜினையே நிறுத்திவிட்டான்.

"யாரு கெடையாது?" என்று பெரியநாயகி அமைதியாகக் கேட்டாள்.

"ஏலவார்குழலி."

"மச்சம்?"

"அதுவும் கெடையாது."

"மோரு?"

"நான் யாருக்கும் மோரே குடுக்கல."

"ஒரே பாவுல நெய்ஞ்ச இன்னொரு சேலை?"

"இது ஒண்ணுதான்."

"அப்ப இதை யாருக்கும் விக்கல."

"விக்கல." தலை தானாகக் குனிந்தது.

"விக்கலன்னா யாரு சேலை?"

அவரிடம் பொய் எதுவும் மிச்சம் இல்லை. வந்தவள் படியேறித் திரும்பி வந்து, பையிலிருந்த சேலையை எடுத்துப் பெரியநாயகியின் கையில் வைத்தாள். "புடிங்கக்கா. கல்யாணத்துக்குப் போக ஐயம்பேட்டை பஸ்ஸுக்கு நேரமாகுது இல்ல?"

அவள் பெயர் செல்லியம்மாள். பெரியநாயகி உறுப்பினராக இருந்த மகளிர் சுயஉதவிக் குழுவின் தலைவி. வெட்டிப் பேச்சுக் கூட்டம் என்று தனசேகரன் அந்தப் பக்கம் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் முகமாவது தெரிந்திருக்கும்.

கல்யாணம் முடிந்து வீடு திரும்பிய அன்று, பெரியநாயகி சேலையைக் காற்றாட விரித்திருந்தாள். அதில் ஒரு துளி ரசம்கூடப் படவில்லை. தனசேகரன் கொஞ்ச நேரம் சுற்றிச் சுற்றி நடந்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நாளைக்கே பாஷா பாய்கிட்ட சொல்லி அந்த ஏலவார்குழலியை எடுத்துடறேன்."

"ஐயோ, வேணாங்க, அவங்க இருக்கட்டும்" என்றாள் பெரியநாயகி, கரையை நீவியபடியே. "அவங்களை எடுத்துட்டா, தீபாவளிக்கு எனக்கு யாரு சேலை எடுத்துத் தருவாங்க?"