அலைவரிசைச் சித்தரின் கவச யந்திரம்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் வல்லக்கோட்டை ரோட்டில் இருந்த அந்தக் கல்யாண மண்டபத்தில் செருப்பு விட இடமில்லை. கல்யாணம் எதுவும் இல்லை. அலைவரிசைச் சித்தர் வந்திருக்கிறார்! செல்போனுக்குள் புகுந்து பிள்ளைகளைக் கெடுக்கும் கெட்ட அலைகளை மந்திரத்தால் கட்டிப்போடும் மகான். மண்ணூரிலிருந்தும் இருங்காட்டுக்கோட்டையிலிருந்தும் ஷேர் ஆட்டோ பிடித்து வந்த ஜனம், ஆளுக்கொரு செல்லைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு வரிசையில் நின்றது.

சித்தரின் பூர்வாசிரமப் பெயர் சுப்பன். பூர்வாசிரமத் தொழில், ஒரகடம் கூட்டு ரோட்டில் குடை நட்டு சிம் கார்டு விற்பது. இமயமலையில் பன்னிரண்டு ஆண்டு தவம் என்று நோட்டீஸில் போட்டிருந்தது. அதே பன்னிரண்டு ஆண்டில் அவரிடம் ரீசார்ஜ் செய்தவர்கள் கூட்டத்திலேயே நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

அது 2014. வீட்டுக்கு வீடு டச் போன் வந்து சேர்ந்த காலம். ஓ.டி. என்கிற ஓவர்டைம் பார்த்த காசில் பிள்ளைக்குச் செல் வாங்கிக் கொடுத்துவிட்டு, அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க நேரமில்லாமல் மறுபடியும் ஓ.டி.க்குப் போனார்கள் பெற்றோர்கள். பிள்ளை அதில் எதைப் பார்க்கிறதோ என்ற அவர்களுடைய பயத்தைப் பிடித்துக்கொண்டார் சித்தர்.

வித்தை இதுதான். முதலில் மேடையில் பக்தர் ஒருவரின் செல்லை வாங்கி, காசு வைத்து ஆடும் சீட்டாட்டத் தளம் ஒன்றைத் தட்டுவார். ராஜாவும் ராணியும் திரையில் குதிப்பார்கள். "பாத்தீங்களா? நாளைக்கி உங்க புள்ள இத்தத்தான் பாக்கப்போவுது!" என்பார். தாய்மார்கள் வயிற்றில் அடித்துக்கொள்வார்கள். பிறகு அந்தச் செல், பூட்டுத் திறக்கும் எண்ணோடு சேர்த்து, 'சுத்தி'க்காக மேடைத் திரைச்சீலைக்குப் பின்னால் போகும். அங்கே சித்தரின் மச்சான் உட்கார்ந்திருப்பான். பத்து நிமிஷம் மணியோசை, சாம்பிராணிப் புகை. செல் திரும்பி வந்ததும் முதுகில் பளபளவென்று ஒரு யந்திர ஸ்டிக்கரை ஒட்டி, மறுபடி அதே தளத்தைத் தட்டுவார். இந்த முறை ராஜா இல்லை, ராணி இல்லை. 'அனுமதி இல்லை' என்று இங்கிலீஷில் சிவப்பு எழுத்து வரும். மண்டபம் அதிரும். இமயமலைச் சித்தரின் யந்திரம் ஏன் இங்கிலீஷில் பேசுகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

கேட்க மாட்டார்கள். இந்தச் சாலையில் பிழைப்பவர்களுக்கு ஸ்டிக்கர் என்றால் ஒரு பக்தி. காலையில் கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி செல்லின் கேமரா மேல் ஸ்டிக்கர் ஒட்டுகிறார். அதற்குப் பிறகு படம் எடுக்க முடியாது. லைனில் பச்சை ஸ்டிக்கர் ஒட்டினால் சரக்கு லாரி ஏறும், சிவப்பு ஒட்டினால் கழிவுத் தொட்டிக்குப் போகும். ஸ்டிக்கர் ஒட்டினால் காரியம் நடக்கும் என்பதை நாள் தவறாமல் எட்டு மணி நேரம் கண்ணால் பார்க்கிறவர்களிடம் போய்ச் சுப்பன் ஸ்டிக்கர் விற்றான். ஆள் கெட்டிக்காரன், அதில் சந்தேகமில்லை.

சந்திரலேகாவும் அந்த வரிசையில் போன மாதம் நின்றவள்தான். மண்ணூர்க்காரி. செல்லுக்கு சார்ஜர் செய்யும் கம்பெனி ஒன்றில் சோதனை மேசை அவளுடையது. ஒரு ஷிப்டுக்கு நூறு சார்ஜரைத் தள்ளுபடி செய்யும் கை, சித்தரின் யந்திரத்தை மட்டும் இரண்டு கையால் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. மகள் வேல்விழி ஒன்பதாவது படிக்கிறாள். செல் அவளுடையது. கம்பெனி பஸ் ஓட்டும் புருஷன் ரகுபதிதான் வாங்கிக் கொடுத்தான், அவன்தான் சித்தரிடமும் கூட்டிப்போனான். யந்திரம் ஒட்டியதும் வீட்டில் பெரிய நிம்மதி. அதற்குப் பிறகு அந்தச் செல்லை இருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேல்விழி அந்தச் செல்லைக் கொண்டுவந்து அப்பாவிடம் நீட்டினாள்.  சாட்டில் எவனோ முகம் தெரியாதவன். 'உன் போட்டோ அனுப்பு. அனுப்பலேன்னா ஸ்கூல் வாசல்ல வந்து நிப்பேன்.' மூன்று நாளாக இதே பாட்டு.

ரகுபதி மகளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. செல்லை எடுத்துக்கொண்டு நேரே சித்தரிடம் ஓடினான். சித்தர் கண்ணை மூடித் திறந்தார்.

"யந்திரத்துல பழுது இல்ல. பாத்திரத்துலதான் பழுது. உன் பொண்ணு மனசு கூப்புட்டுச்சு, அலை வந்துச்சு. மூணு அமாவாசை வாசப்படி தாண்டக் கூடாது. ஸ்கூலுக்குப் போனான்னா அலையும் பின்னாலயே போவும்."

வீட்டுக்கு வந்த ரகுபதி, திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் டி.சி. வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டான். வேல்விழி சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எவனோ ஒரு பொறுக்கி மெசேஜ் போட்டா, எம்பொண்ணு படிப்ப நிறுத்தணுமா? இன்னாய்யா நியாயம் இது?" என்றாள் சந்திரலேகா.

"சாமி சொல்லிக்கீறாரு. நீ சும்மா இரு."

சனிக்கிழமை வேலையில் அவளுக்குக் கையே ஓடவில்லை. சார்ஜ் ஏறாத ஒரு செட்டின் சார்ஜரை எடுத்துச் சிவப்பு ஒட்டப் போனாள். திருநெல்வேலிக்காரரான சூப்பர்வைசர் நெல்லையப்பன் பின்னால் வந்து நின்றார்.

"என்னம்மா, கேபிளை மாத்திப் போட்டுப் பாத்தியா? பழுது எதுல இருக்குன்னு தெரியாம எப்படி செவப்பு ஒட்டுத?"

கேபிளை மாற்றினாள். சார்ஜ் ஏறியது. சார்ஜர் நல்ல சார்ஜர்தான். பழி ஓர் இடம், பாவம் ஓர் இடம். சந்திரலேகா கையில் இருந்த சிவப்பு ஸ்டிக்கரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து வருஷமாக இந்த மேசையில் எதை எடுத்தாலும் மாற்றிப் போட்டுப் பார்க்கிறாள். யந்திரத்தை மட்டும் ஏன் மாற்றி ஒட்டிப் பார்க்கவில்லை? தன் மேலேயே அவளுக்கு ஆத்திரம் பொங்கியது.

அன்று சாயங்காலம் தாயும் மகளும் செல்லைத் துருவினார்கள். பூட்டுப் படம் போட்ட ஒரு ஆப்பை வேல்விழி காட்டினாள். "அம்மா, இது நாம போட்டது இல்லியே."

அதைத் தட்டினால் நாலு இலக்க எண் கேட்டது. சந்திரலேகா யோசிக்காமல் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று அழுத்தினாள். திறந்துகொண்டது! பெற்றோர் கட்டுப்பாடு. எந்தத் தளம் திறக்கலாம், எது கூடாது, எத்தனை மணி வரை என்று வரிசையாக இருந்தது. காசில்லாமல் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளக்கூடிய ஆப். சாட்டில் யார் பேசலாம், யார் பேசக்கூடாது என்பதை அது பார்ப்பதில்லை, அதைச் சாட்டுக்குள் போய்த் தனியாகப் போட வேண்டும். பாத்திரத்தில் பழுதில்லை. தளத்தை அடைக்கும் வரைக்கும்தான் சுப்பனுக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மேடையில் ராஜாவும் ராணியும் ஒரு சுற்று குதித்து அடங்கியதும் சந்திரலேகா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினாள். முன் வரிசையில் இருந்த ரகுபதி பாதி எழுந்து, இறங்கச் சொல்லிக் கையைக் காட்டினான்.

"சாமி, ஒரே ஒரு சந்தேகம். இந்த ஸ்டிக்கரப் பிச்சிட்டு அந்தச் சீட்டாட்டத்தத் தட்டிப் பாக்கலாமா?"

"பிரிச்சா மூணு தலைமுறைக்கு ஆவாது தாயே!"

"எங்க மூணு தலைமுறையும் கம்பெனியிலயும் கயனியிலயும் கஷ்டப்பட்டுக்கினுதான் கீது. அதுக்கு மேல இன்னா ஆவப்போவுது?"

நகத்தால் ஒரே இழுப்பு. யந்திரம் கையோடு வந்துவிட்டது. கூட்டம் பார்க்கும்படி செல்லைப் பிடித்துத் தட்டினாள். சிவப்பு எழுத்து. அனுமதி இல்லை.

கூட்டம் சலசலத்தது. சித்தர் லேசுப்பட்டவரா? கையைத் தூக்கினார். "கண்டீங்களா பக்தர்களே! பிரிச்சாலும் நிக்கிது. ஒரு மாசத்துல செல்லுக்குள்ளயே சக்தி ஊறிப்போச்சு!"

கைதட்டல் காதைப் பிளந்தது. ஒட்டினாலும் ஜெயிக்கிற, பிரித்தாலும் ஜெயிக்கிற வியாபாரம் இது ஒன்றுதான். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய உலகம்மாள் என்ற பெண் கீழிருந்து கத்தினாள்: "எக்கா, சாமியச் சோதிக்காதிய! கீழ எறங்குங்க!"

சந்திரலேகா இறங்கவில்லை. "சரி சாமி, ஊறினது ஊறிப்போச்சு. திரைக்குப் பின்னால போவாத செல்லு ஒண்ணு குடுங்க. அதுல இத்த ஒட்டிப் பாக்கலாம்."

சித்தர் தமது சொந்தச் செல்லை மெல்ல ஆசனத்துக்கு அடியில் தள்ளினார். மேடைக்குக் கீழே ஒருவனுக்கு மட்டும் பக்தி பொத்துக்கொண்டு வந்தது. ரகுபதிதான். நேற்று வாங்கிய புதுச் செல்லைத் தூக்கிக் காட்டினான். "சாமி! எஞ்செல்லுல ஒட்டுங்க! உங்க கையால புது யந்திரமா ஒட்டி இவ வாயை அடைங்க!"

பாவம், சித்தருக்குத் தப்பிக்க வழியே இல்லாமல் செய்தவன் அவருடைய பரம பக்தன். தாம்பாளத்திலிருந்து புது யந்திரத்தை எடுத்து, மந்திரம் சொல்லி, ஆனவரை நேரம் கடத்தி ஒட்டினார். மேடையேறி நின்ற ரகுபதி தன் கையாலேயே தளத்தைத் தட்டினான்.

ராஜா குதித்தார். ராணி குதித்தார். 'வாங்க, விளையாடலாம்!' என்று ஒரு பெண் குரல் மைக் வழியாக மண்டபம் முழுக்கக் கூப்பிட்டது.

"இன்னும் ஒண்ணு ஒட்டுங்க சாமி," என்றான் ரகுபதி.  ஒட்டினார். ராணி விடாமல் கூப்பிட்டாள். மூன்றாவதும் ஒட்டியாயிற்று. செல்லின் முதுகில் இடமில்லை. ராணிக்கு அலுப்பில்லை.

சந்திரலேகா மைக்கைப் பிடித்தாள். "எல்லாரும் அவங்கவங்க செல்ல எடுங்க. பூட்டுப் படம் போட்ட ஆப்பு ஒண்ணு கீதா? ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலுன்னு அமுக்குங்க."

 பிறகு மண்டபம் முழுக்க டிக், டிக், டிக் என்று பூட்டுகள் திறந்தன. இமயமலையில் பன்னிரண்டு ஆண்டு தவமிருந்து கொண்டுவந்த மகாமந்திரம், எல்.கே.ஜி. பிள்ளை எண்ணத் தொடங்கும் நாலு எண்!

"அடப் பாவி, நாசமாப் போவ!" என்ற முதல் குரல் உலகம்மாளுடையது. திரைக்குப் பின்னால் மணியோசை நின்றது. சமையல்கட்டு வழியாக ஒரு பைக் கிளம்பும் சத்தம் கேட்டது. மச்சானுக்கு முக்தி. சித்தர் மட்டும் கண்ணை மூடி ஆழ்ந்த தியானத்தில் போய்விட்டார். போலீஸ்காரர் வந்து தோளைத் தட்டுகிற வரை கலையவில்லை. அவரால் முடிந்த ஒரே உண்மையான தவம் அதுதான்.

ரகுபதி பாடும் செல்லை அணைக்கத் தெரியாமல் நின்றான். வேல்விழி வந்து வாங்கி அணைத்தாள்.

"நான் பயந்துகினு உங்கிட்டதான்பா வந்து காட்டினேன். நீ அவர்கிட்ட எடுத்துகினு போய்ட்ட."

 ரகுபதி மகளின் தலையில் கை வைத்தான். அதைச் சந்திரலேகா பார்த்தாள். அவளுக்குக் கண் கலங்கியது. அவளும்தானே வரிசையில் நின்றாள்.

திங்கட்கிழமை ரகுபதி மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனான். டி.சி. வாங்க அல்ல, தலைமையாசிரியையிடம் அந்த மெசேஜைக் காட்ட. அங்கிருந்து மூவரும் காவல் நிலையத்துக்குப் போய்ப் புகார் எழுதிக் கொடுத்தார்கள். சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து, தெரியாதவன் பேச முடியாதபடி சாட்டை மாற்றினார்கள். பூட்டு எண்ணையும் மாற்றினார்கள். எதை அடைக்கலாம், எதைத் திறக்கலாம் என்று மகளையும் கேட்டே செய்ததால் சண்டை ஒரு மணி நேரம் நடந்தது. நல்ல சண்டை.

கதை இங்கே முடிந்திருக்கலாம். நம் ஜனம் விட்டால்தானே? அடுத்த ஞாயிறு சந்திரலேகாவின் வாசலில் பத்துப் பதினைந்து பேர், கையில் செல்லோடு. எல்லாருக்கும் முன்னால் உலகம்மாள்.

"எக்கா, உங்க கை ராசியான கை. நீங்களே தொட்டுப் போட்டுத் தந்தா பிள்ளைக்கு ஒண்ணும் வராது."

சந்திரலேகாவுக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. ஆனால் அடித்துக்கொள்ளவில்லை. "யார் செல்லையும் நான் தொட மாட்டேன். நீங்களே அமுக்கணும், பக்கத்துல உங்க புள்ளைய உக்கார வெச்சுகினு. போயி கூட்டிக்கினு வாங்க," என்று எல்லாரையும் திருப்பி அனுப்பினாள். பாதிப் பேர் பிள்ளையோடு வந்தார்கள். மீதிப் பாதி, ஸ்ரீபெரும்புதூரில் வைஃபைக்குத் தாயத்துக் கட்டும் புது மகான் ஒருவரைத் தேடிப் போனதாகக் கேள்வி.

ஒரு திருகாணியைக்கூட மூன்று முறை சோதிக்காமல் லைனைத் தாண்ட விடாத மக்களே! ஷிப்டு முடிந்ததும் யூனிபாரத்தோடு புத்தியையும் லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டு வர வேண்டும் என்று எந்தக் கம்பெனியும் சட்டம் போடவில்லை. தாராளமாக வீட்டுக்குக் கொண்டுபோகலாம்.